பேட்ஜ் மெஷின் பக்கம் வருவதற்கு முன்: சனிக்கிழமைக் கேள்விகளும் பதில்களும்

பெங்களூர் அல்சூர் ஏரியிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு மேக்கர்ஸ்பேஸ். பத்துப் பதினைந்து பேர் பொதுவாகப் பயன்படுத்துகிற பட்டறை என்று வைத்துக்கொள்ளுங்கள். லேசர் கட்டர், மரவேலை மேசை, தையல் மெஷின் எல்லாம் தாண்டி ஜன்னல் ஓரத்தில் கைப்பிடி வைத்த ஒரு பேட்ஜ் மெஷின் இருக்கிறது. சனிக்கிழமைகளில் அதைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. அல்சூர், சிவாஜி நகர், ஃபிரேசர் டவுன் பக்கமிருந்து வருகிற தமிழ்க்காரர்கள் எல்லாரும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். வாட்ஸ்அப்பில் தட்டித் தட்டி விரல் தேய்ந்துவிட்டது. அதனால் ஒரே இடத்தில் எழுதிவிட்டேன். கேள்விகள் கேட்டவர்கள் வாயிலிருந்து வந்தபடியே இருக்கின்றன.

பட்டன் பேட்ஜ்னா சட்டையில குத்திக்கிற வட்டமான தகரம்தானே?

அதேதான். முன்னால் கொஞ்சம் உப்பலான தகடு, அதன்மேல் அச்சடித்த தாள், அதற்கும் மேல் கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் வட்டம், பின்னால் ஊசி வைத்த மூடி. மொத்தம் 4 பொருள். பசை கிடையாது, சூடு கிடையாது. தகட்டின் விளிம்பை அழுத்தி மடக்குவதால் மட்டுமே எல்லாம் சேர்ந்து நிற்கிறது. இது ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரப்போகிற பாதிக் கேள்விகளுக்கு நீங்களே பதில் சொல்லிவிடலாம்.

ஆள் புதிதில்லை. அமெரிக்காவில் நியூவார்க் நகரத்து ஒயிட்ஹெட் அண்ட் ஹோக் கம்பெனி இதற்குக் காப்புரிமை வாங்கி, 1896 ஜனாதிபதித் தேர்தலில் மெக்கின்லி பிரையன் இரண்டு பேருடைய முகத்தையும் போட்டு ஊரெல்லாம் இறக்கியது. அப்போது மேலே போர்த்தியது செல்லுலாய்டு, சட்டென்று தீப்பிடிக்கிற சாமான். இப்போது பாலியெஸ்டர் தாள். மற்றபடி அமைப்பு பெரிதாக மாறவில்லை.

நான் இதுவரைக்கும் எந்த மெஷினும் தொட்டதில்ல. வரலாமா?

தாராளமாக வாருங்கள். ஹேண்டிலை அழுத்துவதற்குப் பலம் வேண்டாம், பொறுமை போதும். எங்களிடம் வேகமாகச் செய்கிறவர் ஓய்வுபெற்ற ஒரு டீச்சர் அம்மா. நான் அவர் பக்கத்தில்கூட வர முடியாது. ஏன் என்றால் அவர் ஒவ்வொரு தாளையும் வைத்துவிட்டு ஒரு நொடி பார்க்கிறார். பார்க்காமல் அழுத்துகிற நாங்கள்தான் பிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

வரும்போது என்ன எடுத்துட்டு வரணும்?

அச்சடித்த தாள் மட்டும். தகடு, பிளாஸ்டிக், ஊசி மூடி இங்கேயே இருக்கும். எடுத்ததற்குக் காசு பெட்டியில் போட்டுவிடுங்கள். டிசைனை மட்டும் போனில் வைத்துக்கொண்டு வராதீர்கள், எங்களிடம் கலர் பிரிண்டர் இல்லை. எண்ணிக்கைக்கு மேல் பத்துக்கு ஒன்று கூடுதலாக அச்சடித்து வாருங்கள். முதல் இரண்டு மூன்று கட்டாயம் வீணாகும்.

எந்த சைஸ்ல செய்யறது?

இங்கே இருக்கும் டை (பேட்ஜை வைத்து அழுத்துகிற இரும்பு அச்சு) 44 மி.மீ., 58 மி.மீ. இரண்டுக்கும்தான். கடைகளில் 25, 32, 75 எல்லாம் கிடைக்கிறது. கல்யாண வீட்டுக்கும், கோயில் திருவிழாத் தொண்டர்களுக்கும் 58 எடுங்கள். கொஞ்சம் தள்ளி நிற்கிறவர் படிக்க வேண்டும் இல்லையா? பையில், தொப்பியில் குத்திக்கொள்ள 44 அழகு. 25-ல் தமிழில் ஒரு சொல்லுக்கு மேல் போட நினைத்தால் அது ஆசை மட்டும்தான்.

58 மி.மீ. வட்டமா கரெக்டா டிசைன் போட்டேன். செஞ்சப்புறம் ஓரத்துல இருந்த எழுத்து காணோமே?

இது நான் அதிகம் கேட்ட கேள்வி. தாள் தகட்டின் முகத்தோடு நிற்பதில்லை. விளிம்பைத் தாண்டி, பக்கவாட்டில் வளைந்து, பின்னால் போய் மடிகிறது. அதனால் 58 மி.மீ. பேட்ஜுக்குத் தாளை வெட்ட வேண்டியது சுமார் 70 மி.மீ. வட்டமாக. 44-க்குச் சுமார் 54. மெஷினுக்கு மெஷின் ஒன்றிரண்டு மி.மீ. மாறும், அதனால் எங்கே செய்யப் போகிறீர்களோ அந்த மெஷினோடு வந்த கட்டரின் அளவைக் கேட்டுக்கொண்டு டிசைன் செய்யுங்கள்.

டிசைனில் ஒரே மையத்தில் மூன்று வட்டம் போட்டுக்கொள்ளுங்கள். 70 வரைக்கும் பின்னணி நிறம் போக வேண்டும். 58 என்பது கண்ணுக்குத் தெரிகிற எல்லை. எழுத்தும் முகமும் 50-க்குள் அடங்க வேண்டும். 50-க்கும் 58-க்கும் நடுவில் இருப்பது வளைவில் சரிந்துவிடும், நேரே பார்த்தால் பாதிதான் தெரியும். சுற்றிலும் பார்டர் கோடு போடாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். தாள் அரை மி.மீ. நகர்ந்தாலும் ஒரு பக்கம் தடியாக, மறுபக்கம் ஒல்லியாகக் காட்டிக்கொடுத்துவிடும்.

படம் மங்கலா வருதே, போன்ல பளிச்னு இருந்துச்சு?

வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பியிருப்பீர்கள். அது படத்தைப் பிழிந்துதான் அனுப்பும். டாக்குமெண்டாக அனுப்புங்கள். 70 மி.மீ. வட்டத்துக்கு 300 டிபிஐ (ஒரு அங்குலத்துக்கு 300 புள்ளி) கணக்கில் குறுக்கே சுமார் 830 பிக்சல் வேண்டும். அவ்வளவு இருந்தால் போதும்.

பேப்பர் எந்த மாதிரி? தடியா இருந்தா நல்லா இருக்கும்ல?

இருக்காது. எல்லாரும் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள், நானும் விழுந்தேன். என் சித்தி மகள் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டார், பெண் வீட்டார் என்று 60 பேட்ஜ் செய்ய உட்கார்ந்தேன். பிரிண்ட் கடையில் "சும்மா பளபளன்னு குடுங்க" என்று சொன்னது என் தப்பு. அவர் தடிமனான ஆர்ட் பேப்பரில் அடித்துக் கொடுத்துவிட்டார். மூன்றாவது பேட்ஜில் மெஷின் கவ்விக்கொண்டது. மடிப்பு போட வேண்டிய இடத்தில் தாள் மடியாமல் அட்டை மாதிரி நின்றது. ராத்திரி ஒன்பது மணிக்கு மறுபடியும் கடை தேடி ஓடினேன்.

90 முதல் 120 ஜிஎஸ்எம் வரை நிம்மதி. ஜிஎஸ்எம் என்றால் ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில். சாதாரண ஜெராக்ஸ் தாள் 70-75 இருக்கும். அதுவும் ஓடும், ஆனால் வளைவில் சுருக்கம் விழலாம், கருமையான நிறம் வெளிறித் தெரியும். 170-க்கு மேல் கொண்டு வந்தால் மெஷின் பக்கம் விட மாட்டேன். கடையில் வாயைத் திறந்து எண்ணைச் சொல்லிக் கேளுங்கள், "நல்ல பேப்பர்" என்று கேட்காதீர்கள். முடிந்தால் லேசர் பிரிண்ட். இங்க்ஜெட்டில் அடித்தால் நன்றாகக் காய்ந்த பிறகு வாருங்கள். விசிட்டிங் கார்டு மாதிரி லாமினேட் செய்து கொண்டு வருவதும் வேண்டாம், மேலே பிளாஸ்டிக் நாம்தான் போடப் போகிறோமே.

ஒரு ஏ4 தாள்ல எத்தனை பேட்ஜ் வரும்?

70 மி.மீ. வட்டத்தை வரிசையாக அடுக்கினால் 8. தாளின் அகலம் 210 மி.மீ., மூன்று வட்டம் சரியாக அடங்குகிற மாதிரித் தெரியும். ஆனால் பிரிண்டர் ஓரத்தில் கொஞ்சம் விட்டுத்தான் அடிக்கும், அதனால் இரண்டுதான் போகும். தேன்கூடு மாதிரி நடு வரிசையை அரை வட்டம் கீழே இறக்கிப் பாருங்கள். 4, 3, 4 என்று 11 வந்துவிடும். 54 மி.மீ. வட்டமும் அப்படித்தான்: நேராக 15, தேன்கூடாக 18.

100 பேட்ஜ் என்றால் 13 தாளுக்குப் பதில் 10 தாள் போதும். ஒரு வம்பு உண்டு. தேன்கூடாக அடித்ததை நேர்க்கோட்டில் பட்டை பட்டையாக நறுக்க முடியாது. முதலில் கத்தரிக்கோலால் சுமாராக வெட்டி, பிறகு வட்டக் கட்டரில் வைக்க வேண்டும். வேலை கூடும். கலர் பிரிண்ட் காசா, உங்கள் நேரமா, நீங்களே முடிவு செய்யுங்கள்.

தமிழ்ல அடிச்சா எழுத்து உடைஞ்சு உடைஞ்சு வருது சார். மெஷின் பிரச்சினையா?

பாவம், மெஷினுக்கு மொழி தெரியாது. இது டிசைன் சாஃப்ட்வேர் செய்கிற வேலை. நம் எழுத்தில் கொம்பும் காலும் தனித்தனித் துண்டு. "கொண்டாட்டம்" என்று எழுதி வட்டத்தைச் சுற்றி வளைத்தால், சில சாஃப்ட்வேர்கள் கொம்பை ஒரு பக்கமும், க-வை ஒரு பக்கமும், காலை இன்னொரு பக்கமும் நிறுத்திவிடும். எழுத்துக்கு இடைவெளி கூட்டினாலும் இதே கதை. வளைக்காமல் நேராக எழுதுவதுதான் முதல் வைத்தியம். வளைத்தே ஆக வேண்டும் என்றால் இங்க்ஸ்கேப்பில் முயன்று பாருங்கள், இலவசம். ஃபோட்டோஷாப் வைத்திருப்பவர்கள் எழுத்து அமைப்பில் வேர்ல்ட்-ரெடி லேஅவுட் என்பதை ஆன் செய்ய வேண்டும்.

இரண்டாவது வம்பு பழைய ஃபாண்ட். கல்யாணப் பத்திரிகை அடித்தவரிடமிருந்து பாமினியில் தட்டிய ஃபைலை வாங்கி வருவார்கள். பிரிண்ட் கடை கம்ப்யூட்டரில் அந்த ஃபாண்ட் இல்லையென்றால் மணமக்கள் பெயருக்குப் பதில் ஆங்கில எழுத்துக் குப்பைதான் வரும். யூனிகோடில் தட்டுங்கள். கேட்டமரன், முக்தா மலர், பலூ தம்பி, நோட்டோ சான்ஸ் தமிழ் எல்லாம் இலவசமாகக் கிடைக்கின்றன. எதில் செய்தாலும் கடைசியில் பிடிஎஃப் ஆக்கி, அதை உங்கள் போனில் திறந்து, ஒவ்வொரு எழுத்தாகப் படித்துவிட்டு அச்சுக்குக் கொடுங்கள்.

எழுத்து எவ்ளோ சின்னதா போடலாம்?

58-ல் 14 பாயிண்டுக்குக் கீழே போக வேண்டாம் என்பது என் கட்சி. ஆங்கிலத்துக்கு இதைவிடச் சின்னதாகப் போட்டாலும் சமாளிக்கும். நமக்குப் புள்ளி இருக்கிறதே. "ஒருங்கிணைப்பாளர்" என்ற சொல்லில் 9 எழுத்து, அதில் 3 புள்ளி. எழுத்து சிறுத்தால் முதலில் சாவது புள்ளிதான். அடர் நிறப் பின்னணியில் வெள்ளை எழுத்து என்றால் மை பரவிப் புள்ளியை விழுங்கிவிடும். அப்புறம் "ஒருஙகிணைபபாளர" என்று ஒருவர் நாள் முழுக்க நெஞ்சில் குத்திக்கொண்டு திரிய வேண்டியதுதான்.

சொல்லை உடைத்து இரண்டு வரியாகப் போடலாம். அடுத்த வரி புள்ளி எழுத்தில் தொடங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். "ஒருங்கிணைப்" மேலே, "பாளர்" கீழே என்றால் கண் தடுக்காது. இன்னும் நல்ல வழி, சின்னச் சொல்லாகத் தேடுவது. "தொண்டர்" என்றால் எல்லாருக்கும் புரிகிறது. அடித்துப் பார்த்து, கையை நீட்டிப் பிடித்துப் படியுங்கள். படிக்க முடிந்தால் சரி.

சரி, மெஷின்ல என்னதான் நடக்குது? வரிசையா சொல்லுங்க.

கீழே இரண்டு டை, மேலே ஒரு டை. கீழே இருப்பவை மாறி மாறி மேல் டைக்கு நேராக வரும். முதல் டையில் தகட்டை உப்பல் பக்கம் மேலே தெரிய வையுங்கள். அதன்மேல் தாள், படம் உங்களைப் பார்த்தபடி. அதன்மேல் பிளாஸ்டிக் வட்டம். மேல் டைக்கு நேராகத் தள்ளி, ஹேண்டிலை ஒரே சீராக அழுத்தி, மேலே விடுங்கள். கீழ் டை இப்போது காலியாக இருக்க வேண்டும். தகடும் தாளும் பிளாஸ்டிக்கும் மேல் டைக்குள் ஏறிக்கொண்டிருக்கும். குனிந்து பார்த்தால் தாளின் ஓரம் பாவாடை மாதிரி கீழே தொங்குவது தெரியும்.

இரண்டாவது டையில் ஊசி மூடியை வையுங்கள். ஊசி கீழே, உள்பக்கம் மேலே. அதை நேராகத் தள்ளி மறுபடி அழுத்துங்கள். இந்த முறை அந்தப் பாவாடை உள்ளே மடிந்து, தகட்டின் விளிம்பு மூடியைக் கவ்வும். கையில் ஒரு சின்ன "டக்" தெரியும். காதை விடக் கைதான் அதைச் சரியாகச் சொல்லும். விட்டால் முடிந்த பேட்ஜ் கீழே உட்கார்ந்திருக்கும். எல்லாம் சேர்ந்து அரை நிமிடம்.

படம் நேரா இருக்கு, ஊசி மட்டும் கோணலா நிக்குது. ஏன்?

படத்தின் தலை எந்தப் பக்கம், ஊசி எந்தப் பக்கம் என்று இரண்டு டையிலும் ஒரே ஒழுங்கில் வைக்கவில்லை. எங்கள் டை இரண்டிலும் மார்க்கரால் ஒரு கோடு போட்டிருக்கிறேன். படத்தின் தலை முதல் கோட்டுக்கு, ஊசி படுக்கையாக இரண்டாவது கோட்டுக்கு. வேறு மெஷினில் செய்கிறீர்கள் என்றால் வெறும் தாளில் ஒரு அம்புக்குறி வரைந்து ஒரு பேட்ஜ் செய்து பாருங்கள், கோடு எங்கே போட வேண்டும் என்று அதுவே காட்டிவிடும். ஊசி நடுவுக்குக் கொஞ்சம் மேலே வருகிற மாதிரி இருந்தால் சட்டையில் பேட்ஜ் முன்பக்கம் கவிழாது.

ஓரத்துல சுருக்கம் வருது, சில நேரம் மூடியே கழண்டு விழுது.

சுருக்கம் என்றால் தாள் மெல்லிசு, அல்லது வெட்டிய வட்டம் ஒழுங்கில்லை. கத்தரிக்கோலால் கையாலேயே வட்டம் வெட்டி வருகிறவர்களுக்குத்தான் இது அதிகம் வரும். ஓரத்தில் ஒரு பக்கம் வெள்ளை தெரிந்தால் தாள் நடுவில் உட்காரவில்லை. மூடி கழன்றால் இரண்டு காரணம்: இரண்டாவது அழுத்தத்தைப் பாதியில் விட்டிருப்பீர்கள், அல்லது தாள் தடிமன். தாள் கதையை மேலேயே சொல்லிவிட்டேன்.

பிளாஸ்டிக் வட்டம் போட மறந்துவிட்டோம் என்பதும் தினம் நடக்கிறது. பேட்ஜ் பார்க்க நன்றாகத்தான் இருக்கும், இரண்டு நாளில் வியர்வை பட்டு அழுக்காகிவிடும். பளபளப்பு இருக்கிறதா என்று விளக்கில் சாய்த்துப் பாருங்கள்.

ஐயோ, மெஷின் மாட்டிக்கிச்சு! ஹேண்டில் கீழேயும் போகல மேலேயும் வரல.

முதலில் கையை எடுங்கள். நண்பரைக் கூப்பிட்டு இரண்டு பேராகத் தொங்காதீர்கள். ஒருமுறை ஒரு பையன் ஹேண்டிலில் ஏறி உட்காரப் போனான், சத்தம் போட்டு இறக்கினேன்.

பெரும்பாலும் காரணம் இரட்டை. தகடுகள் ஒன்றோடொன்று கவ்விக்கொண்டு பாக்கெட்டில் வரும், ஒன்று என்று நினைத்து இரண்டை வைத்திருப்பீர்கள். பிளாஸ்டிக் வட்டமும் அப்படியே ஒட்டிக்கொள்ளும், அதிலும் மழை இல்லாத பிப்ரவரி மார்ச்சில் காற்று காய்ந்திருக்கும்போது ரொம்ப மோசம். விரலுக்கிடையில் தேய்த்து ஒன்றுதானா என்று பார்த்த பிறகு வையுங்கள். முதல் அழுத்தம் ஒழுங்காக முடிந்து, தகடும் தாளும் மேல் டையிலேயே தங்கிவிட்டன என்றால் பயம் வேண்டாம். இரண்டாவது டையில் ஊசி மூடியை வைத்து அழுத்தினால் கெட்ட பேட்ஜாகவாவது வெளியே வந்துவிடும். அதற்கும் மசியவில்லை என்றால் என்னைக் கூப்பிடுங்கள், டையைக் கழற்றித்தான் எடுக்க வேண்டும். ஸ்குரூடிரைவரால் நெம்பினால் டையின் உள்விளிம்பில் கீறல் விழும். அந்தக் கீறல் அப்புறம் வருகிற ஒவ்வொருவருடைய பேட்ஜிலும் விழும்.

100 பேட்ஜுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? சாயங்காலம் ஃபங்ஷன்.

மெஷினில் ஒரு மணி நேரம். தாளை வெட்ட அதே அளவு, பழக்கம் இல்லை என்றால் அதைவிட அதிகம். வெட்டுவதை வீட்டிலேயே முடித்துவிடலாமே என்று தோன்றும், மெஷினோடு வந்த கட்டர் இங்கேதான் இருக்கிறது. மூன்று பேராக வாருங்கள். ஒருவர் வெட்ட, ஒருவர் தகடும் பிளாஸ்டிக்கும் எண்ணி அடுக்க, ஒருவர் அழுத்த. சாயங்கால ஃபங்ஷனுக்குக் காலையில் வராதீர்கள். முதல் நாள் வாருங்கள்.

சாமான் எங்க கிடைக்கும்? ஒண்ணுக்கு எவ்ளோ விழும்?

தாளுக்கு சுல்தான்பேட்டை, அவென்யூ ரோடு. அங்கே ஜிஎஸ்எம் சொன்னால் முகம் சுளிக்காமல் எடுத்துத் தருவார்கள். டையை இறுக்குகிற ஸ்குரூ, ஆலன் கீ எல்லாம் எஸ்.பி. ரோட்டில். தகடு செட்டை நாங்கள் ஆன்லைனில் மொத்தமாக வாங்குகிறோம். வாங்கும்போது மெஷின் அளவைச் சொல்லி வாங்குங்கள். ஒரு கம்பெனி 58-ம் இன்னொரு கம்பெனி 58-ம் சில நேரம் ஒத்துப்போகாது, நூறு செட் வாங்கி அலமாரியில் அழகு பார்த்த அனுபவம் இருக்கிறது.

விலை கணக்கு போடும்போது செட் விலையோடு பிரிண்ட் விலையைச் சேருங்கள், பத்துக்கு ஒன்று வீண் என்று சேருங்கள். பெரும்பாலும் கலர் பிரிண்ட்தான் செட்டைவிட அதிகம் விழும். 11 வட்டம் அடுக்குகிற வித்தையை மேலே சொன்னது அதற்காகத்தான்.

பாட்டியோட பழைய புடவைத் துணியில செய்ய முடியுமா?

முடியும், எனக்கு ரொம்பப் பிடித்த வேலை இது. மெல்லிய பருத்தி என்றால் அருமையாக வரும். சுங்குடிப் புடவையின் புள்ளிகள் 44-ல் உட்கார்ந்தால் அவ்வளவு அழகு. தாளுக்குப் பதில் துணி, மேலே பிளாஸ்டிக் வேண்டாம். துணிக்கு அடியில் வெள்ளைத் தாள் ஒரு வட்டம் வையுங்கள், இல்லாவிட்டால் தகட்டின் பளபளப்பு உள்ளிருந்து எட்டிப் பார்க்கும். துணியை அயர்ன் செய்து, கஞ்சி போட்டு விறைப்பாக்கினால் வெட்டச் சுலபம். ஜரிகை இருக்கிற இடத்தைத் தவிர்த்துவிடுங்கள், பட்டுக் கரை தடிமன் தாங்காது. ஒரு அம்மா காலமான மாமியாரின் புடவையிலிருந்து வீட்டில் இருக்கிற ஆறு பேருக்கும் ஆறு பேட்ஜ் செய்துகொண்டு போனார். வெட்டுவதற்கு முன் அந்தத் துணியை மேசையில் விரித்துவிட்டுப் பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தார். அவசரப்படுத்தவில்லை.

சின்னப் பசங்களுக்குக் குடுக்கலாமா? ஊசிக்குப் பதிலா காந்தம் வெச்சா சேஃப்தானே?

பிறந்தநாளுக்கு வருகிற மூன்று நான்கு வயசுப் பிள்ளைகளுக்கு ஊசி வேண்டாம். காந்தம் பாதுகாப்பு என்பதும் முழு உண்மை இல்லை. சின்னக் காந்தம் கழன்று குழந்தை வாயில் போனால் ஊசியைவிட ஆபத்து. இரண்டு காந்தத்தை விழுங்கினால் குடலுக்குள் ஒன்றை ஒன்று இழுத்துக்கொள்ளும். பேஸ்மேக்கர் வைத்திருக்கிற பெரியவர்களுக்கும் நெஞ்சுப் பக்கம் காந்தப் பேட்ஜ் கூடாது. பிள்ளைகளுக்குப் பேட்ஜைப் பையிலோ தொப்பியிலோ அம்மா கையால் குத்திக் கொடுப்பதே போதும்.

மழையில நனைஞ்சா என்ன ஆகும்?

முன்பக்கம் ஒன்றும் ஆகாது. தண்ணீர் பின்பக்கத்து இடுக்கில் ஏறும். உள்ளே தாள் ஊறி உப்பும், இங்க்ஜெட் மை கலங்கும், ஊசி துருப்பிடித்துச் சட்டையில் கறை வைக்கும். செப்டம்பர் 8 மரியன்னை திருநாளுக்குச் சிவாஜி நகரில் தொண்டர்கள் மழையில்தான் பாதி நேரம் நிற்பார்கள். அதற்குச் செய்தபோது லேசர் பிரிண்ட் மட்டும் எடுத்தோம், பிழைத்தது. துணி துவைக்கும்போது கழற்றிவிடுங்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்தேன். சொல்ல வேண்டியிருக்கிறது.

தலைவர் படம் போட்டு ஃபர்ஸ்ட் டே ஷோவுக்கு விக்கலாமா? யாராவது கேப்பாங்களா?

நீங்களும் நண்பர்களும் குத்திக்கொள்வது ஒரு விஷயம், விற்பது வேறு விஷயம். 2015-ல் சென்னை உயர் நீதிமன்றம் ரஜினிகாந்த் தொடர்ந்த வழக்கில், அவருடைய பெயரையும் சாயலையும் அனுமதி இல்லாமல் வணிகத்துக்கு எடுத்துக்கொள்ளக் கூடாது என்று அவர் பக்கம் நின்றது. பட போஸ்டர், ஸ்டில் எல்லாவற்றுக்கும் உரிமைக்காரர் இருக்கிறார். விற்கிற எண்ணம் இருந்தால் சொந்தமாக வரைந்த வேறு ஏதாவது யோசியுங்கள்.

நான்கு சிங்கம் உள்ள அரசுச் சின்னத்தை, 2005 சட்டப்படி, அனுமதி இல்லாமல் போடக் கூடாது. "நம்ம நாட்டுச் சின்னம்தானே" என்று சங்கக்காரர்கள் கேட்பார்கள், அதனால்தான் சொல்கிறேன். காந்தி படத்தை வியாபாரத்துக்குப் பயன்படுத்தவும் 1950-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று குறுக்கே நிற்கிறது. பாரதியார் வரிகளுக்குக் கவலை இல்லை, 1949-லேயே அரசு அவர் எழுத்தின் உரிமையை வாங்கி, பிறகு பொதுச்சொத்து ஆக்கிவிட்டது. குறளுக்கு யாரைக் கேட்பது? இப்போது எழுதுகிற கவிஞர் வரி என்றால் அவரையே கேளுங்கள். எழுத்தாளர் காலமாகி 60 வருஷம் வரைக்கும் உரிமை குடும்பத்துக்கு உண்டு.

பெங்களூர்ல இருக்கோம், கன்னடத்துலயும் போடணும்னு சட்டம் இருக்கா?

60 சதவீதம் கன்னடம் என்று நீங்கள் கேள்விப்பட்டது கடைப் பெயர்ப்பலகை பற்றி. நெஞ்சில் குத்துகிற பேட்ஜுக்கு இல்லை. ஆனால் போட்டால் நல்லது. நவம்பர் 1 ராஜ்யோத்சவா வாரத்தில் மஞ்சள் சிவப்புப் பேட்ஜ்தான் இங்கே ராஜா, அதைச் செய்ய வருகிறவர்களில் பாதிப் பேர் தமிழ் வீட்டுப் பிள்ளைகள். "ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி" (கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்க) என்று கன்னடத்தில் ஒன்று செய்து என் பையில் குத்தியிருக்கிறேன், பஸ்ஸில் இடம் கிடைக்கிறது.

கன்னடத்தில் ஒத்தெழுத்து வரிக்குக் கீழே தொங்கும். வரி இடைவெளியைத் தமிழுக்கு விடுவதைவிடக் கூட விடுங்கள். கன்னடம் படிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டாமல் அச்சுக்கு அனுப்பாதீர்கள்.

ஆர்டர் எடுத்து உங்க மெஷின்லயே செஞ்சு விக்கலாமா? இல்ல சொந்தமா ஒண்ணு வாங்கிடட்டா?

மாதம் ஒரு தரம் ஐம்பது, நூறு என்றால் இங்கேயே செய்யுங்கள், முன்கூட்டி நேரம் குறித்துக்கொண்டு வாருங்கள். ஆயிரம் பேட்ஜ் ஆர்டரை எடுத்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை முழுக்க மெஷினைப் பிடித்துக்கொண்டால், புடவைத் துணியோடு வருகிற அம்மா எங்கே போவார்? வாரா வாரம் ஆர்டர் வரும் என்றால் சொந்தமாக வாங்குங்கள். ஒரே சைஸ் டையோடு தொடங்குங்கள். வட்டக் கட்டரை மட்டும் மலிவாகப் பார்த்து வாங்காதீர்கள், மொத்த வேலையும் அதில்தான் இருக்கிறது.

இங்கே செய்கிறவர்கள் போகும்போது மூன்று வேலை செய்துவிட்டுப் போக வேண்டும். டைகளை அதனதன் பெட்டியில் மேலும் கீழுமாகச் சேர்த்து வையுங்கள். 44-ன் மேல் டையும் 58-ன் கீழ் டையும் ஒரே பெட்டியில் கிடந்து ஒரு மதியத்தையே தின்றிருக்கிறது. மெஷின் தூணில் எண்ணெய் காய்ந்திருந்தால் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விடுங்கள், டைக்குள் விடாதீர்கள், தாளில் கறை ஏறும். கடைசியாக, சுவரில் நூல் கட்டித் தொங்குகிற பெரிய காந்தத்தை எடுத்து மேசைக்கு அடியில் ஒரு சுற்று விடுங்கள். கீழே விழுந்த ஊசி மூடிகள் அதில் வந்து ஒட்டிக்கொள்ளும். பக்கத்துத் தையல் மேசைக்காரர்கள் செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே வருகிறார்கள்.